மலாக்காத் தோட்டப்புற நடைவழிகள்: ஒரு வரலாற்று நோக்கு

மலாக்கா மாநிலத் தமிழர் வரலாற்றைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு திசைகளில் அமைந்துள்ளன. ஒன்று, சுல்தானியக் காலந்தொட்டு நகரில் வேரூன்றிய மலாக்காச் செட்டிகளைப் பற்றியது. மற்றொன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட தொழிலாளரின் கூலி, சங்கம், இடப்பெயர்வு ஆகியவை பற்றியது. இவ்விரண்டிலும் நிலம் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. அந்நிலத்தில் மக்கள் எவ்வழியே நடந்தனர், எதன்பொருட்டு நடந்தனர், யாருடைய இசைவால் நடந்தனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படவில்லை. தோட்டத் தமிழரின் அன்றாட வாழ்வில் நடத்தலைப் போன்று பெரும்பொழுதைக் கொண்ட செயல் வேறில்லை என்பதால் இவ்வினாக்கள் ஆராயத்தக்கன.

இங்கிலாந்தில் பழைய பிரபுக்களின் மாளிகைகளைச் சூழ்ந்த பூங்காவெளிகளில் உலவிவருதல் இன்று ஓய்வுநாள் இன்பமாகக் கருதப்படுகிறது. புல்வெளி, ஏரி, தனித்து நிற்கும் ஓக் மரங்கள் ஆகியவற்றினூடே எந்தப் பாதையில் சென்றால் எத்தனை மைல் என்று வழிகாட்டும் சிறுநூல்கள் அங்கே ஏராளம். அவ்வெளிகள் இயற்கையாக அமைந்தவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் லான்சலாட் பிரவுன் போன்ற நிலவடிவமைப்பாளர்கள் குன்றை உயர்த்தியும் ஓடையைத் தேக்கியும் அவற்றை உருவாக்கினர். மாளிகையின் பார்வைக்கு இடையூறாக இருந்த சிற்றூர்கள் அகற்றப்பட்டதும் உண்டு. டார்செட் மாவட்டத்தில் மிடில்டன் என்னும் ஊரைப் பெயர்த்து, மில்டன் அபாஸ் என்னும் புதிய சிற்றூரில் மக்கள் குடியமர்த்தப்பட்டது இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஆயினும் ஆங்கிலேயப் பொதுமக்கள் நடக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் தொழிலாளர் கூட்டமாக அத்துமீறி நடந்தனர்; சிலர் சிறை சென்றனர். அதே ஆண்டில் இயற்றப்பட்ட வழியுரிமைச் சட்டம், இருபது ஆண்டுகள் தடையின்றி மக்கள் நடந்த பாதையைப் பொதுவழியாகக் கொள்ள வழிசெய்தது. அதாவது, நடந்த கால்களே அங்குச் சான்றாவணம் ஆயின. இந்த ஒரு செய்தியை நினைவிற்கொண்டு மலாக்காவின் தோட்டப்புறத்தை நோக்குதல் பயன்தரும்.

நானிங் பாதை

இரப்பருக்கு முன்பே மலாக்காவின் உள்நாட்டில் தென்னிந்தியக் கால்கள் பதிந்துள்ளன. இன்று அலோர் காஜா மாவட்டத்துள் அடங்கும் நானிங் பகுதியின் தலைவர் டோல் சாயிட், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் விதித்த பத்தில் ஒரு பங்கு வரியைச் செலுத்த மறுத்தார். 1831 இல் அவருக்கெதிராக அனுப்பப்பட்ட சிறுபடை தோற்றுத் திரும்பியது. மறு ஆண்டு சென்ற பெரும்படை, வழியின் இருமருங்கிலும் காட்டை வெட்டிச் சாய்த்துப் பாதை அமைத்துக்கொண்டே மெல்ல முன்னேறி, ஜூன் மாதத்தில் தாபோவைக் கைப்பற்றியது. அப்படையில் பெரும்பான்மையோர் மதராஸ் காலாட்படையினர். தமிழரும் தெலுங்கரும் முகம்மதியரும் கலந்த அணி அது. இப்போருக்குப் பின் மலாக்காவைப் பற்றி விரிவாக எழுதிய பெக்பி, நியூபோல்டு ஆகிய இருவரும் மதராஸ் படை அதிகாரிகளே. மலாக்காவின் உட்புறத்தைப் பற்றிய தொடக்கக்கால ஆங்கில நூல்களுள் சில இவ்வாறு படைநடையின் விளைவாகத் தோன்றின என்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கலாம்.

புக்கிட் லிந்தாங்கும் புக்கிட் அசகானும்

1877 இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிற்கு 22 இரப்பர்க் கன்றுகள் வந்துசேர்ந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவற்றைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலர். பூங்காவின் இயக்குநராக 1888 இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்து, தோட்டக்காரர்களிடம் விதைகளைக் கொடுத்து வற்புறுத்தி வந்தார். அவருடைய சொல்லை ஏற்று முதலில் வணிக நோக்கில் பயிரிட்டவர் ஆங்கிலேயர் அல்லர். மலாக்காவின் பாபா சீனரான டான் சாய் யான். வள்ளல் டான் டோக் செங்கின் பேரரான இவர், 1896 இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். பின்னர்ப் புக்கிட் அசகானில் சுமார் 3000 ஏக்கரில் மரவள்ளியுடன் இரப்பரையும் சேர்த்துப் பயிரிட்டார். இலண்டன் நிறுவனத்தார் அத்தோட்டத்தைப் பெருந்தொகைக்கு வாங்கியதைத் தொடர்ந்து மலாக்கா நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. டான் சாய் யான் 1916 இல் மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். தோட்டப்புறத்துக் கொசு தொழிலாளி, முதலாளி என்று பார்ப்பதில்லை.

ஓர் ஒப்புமையை இங்குச் சுட்டலாம். இங்கிலாந்தில் பழைய மாளிகைகளையும் எழில்நிலங்களையும் மக்களுக்காகக் காக்கும் நோக்குடன் தேசிய அறக்கட்டளை தொடங்கப்பட்ட ஆண்டு 1895. மலாக்காவில் இரப்பர் வேரூன்றிய ஆண்டு 1896. தாய்நாட்டில் பெருநிலங்கள் மெல்லப் பொதுமக்களின் நடைக்குத் திறக்கத் தொடங்கிய வேளையில், குடியேற்ற நாட்டில் புதிய பெருநிலங்கள் வேலியிடப்பட்டன.

மேட்டுப் பங்களாவும் பள்ளத்து லயமும்

இரப்பர்த் தோட்டத்தின் அமைப்பு ஆங்கில மாளிகைப் பூங்காவின் சாயலைக் கொண்டது. துரையின் பங்களா மேட்டில் நிற்கும். அதனைச் சுற்றிப் புல்வெளியும் பூச்செடிகளும், அதற்கு ஏறிச்செல்லும் வளைந்த செம்மண் சாலையின் இருபுறமும் நிழல்மரங்களும் இருக்கும். கிராணிமார் வீடுகள் சரிவில் அமையும். ஸ்டோரும் ஆபீசும் பெரட்டுக்களமும் சமதரையில். தொழிலாளர் லயங்கள் நீர்நிலைக்கு அருகில் பள்ளத்தில். மேட்டிலிருந்து பார்த்தால் யாவும் தெரியும். பள்ளத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் கூரை மட்டுமே தெரியும்.

பெரிய தோட்டங்கள் பல பிரிவுகளாக, அதாவது டிவிஷன்களாகப் பகுக்கப்பட்டிருந்தன. நிருவாகியின் பங்களாவும் தலைமை ஆபீசும் அமைந்த பிரிவு ‘ஹோம் டிவிஷன்’ எனப்பட்டது. இங்கிலாந்தில் பிரபுவின் மாளிகையை ஒட்டிய பண்ணை ‘ஹோம் ஃபார்ம்’ எனப்படும். இவ்விரு வழக்குகளின் ஒற்றுமை தற்செயலானது அன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தோட்டத் துரைமார் தம் நாட்டுப் பெருநிலத்தின் சொல்லையும் படிநிலையையும் உடன்கொணர்ந்தனர். பூங்காவெளியில் உலவும் வழக்கத்தையும் அவர்கள் கொணர்ந்திருக்கலாம்; ஆனால் அது பங்களாவின் புல்வெளியோடு நின்றுவிட்டது.

பாதையிலும் இப்படிநிலை உண்டு. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, துரைமாரோ கிராணிமாரோ எதிர்ப்படும்போது தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது. கூலி உயர்வு, மருத்துவ வசதி ஆகியவற்றோடு சமமாக இதனையும் அவர்கள் வைத்தனர். சாலை என்பது கடந்துசெல்லும் மண்பரப்பு மட்டுமன்று, ஒருவனுடைய தகுதி நாள்தோறும் அளக்கப்படும் இடம் என்பதை அத்தொழிலாளர் நன்கு உணர்ந்திருந்தனர்.

நிரையில் நடந்த தொலைவு

விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்தபின், தொழிலாளர் தத்தம் நிரைகளுக்குப் பிரிந்து செல்வர். குளிர்ந்த வேளையில் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். ஆதலால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரம் சீவத் தொடங்குவர். மரத்துக்கு மரம் உளி போட்டு, மங்கைத் திருப்பி வைத்து, அடுத்த மரத்துக்கு நகரவேண்டும். நிரை முடிந்ததும் சற்று இளைப்பாறி, மீண்டும் முதல் மரத்திலிருந்து தொடங்கி மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி வரவேண்டும். நிறைந்த வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, பால் நிறுக்கும் கொட்டகைக்குப் போதல் மூன்றாவது நடை.

இத்தொலைவை எளிய கணக்கால் மதிப்பிடலாம். பழைய நடவு முறைகளுள் ஒன்று, மரத்துக்கு மரம் இருபதடி இடைவெளி விட்டுச் சதுரமாக நடுவது. அவ்வாறு நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 108 மரங்கள் நிற்கும். ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட மரங்கள் 350 எனக் கொண்டால், நிரையில் ஒருமுறை நடக்கும் தொலைவு 7000 அடி. சீவுவதற்கு ஒருமுறை, பாலெடுக்க ஒருமுறை என இருமுறை நடந்தால் நான்கு கிலோமீட்டருக்குச் சற்றே மேல். இதனுடன் லயத்திலிருந்து நிரைக்குச் செல்வதும், பாலைச் சுமந்து வருவதும், குழந்தை பெற்ற பெண்கள் இடையே ஆயாக்கொட்டகைக்கு ஓடிப் பாலூட்டித் திரும்புவதும் சேரும். மேடுபள்ளமான மலாக்கா உட்புறத்தில் இது சமதரைக் கணக்கு ஆகாது. ஆண்டு முழுவதும் ஒரே நிரையில் நடந்தவருக்கு ஒவ்வொரு மரத்தின் பட்டையும், எந்த வேர் காலைத் தடுக்கும் என்பதும் இருட்டிலும் தெரிந்திருக்கும். ஆங்கிலச் சிறுநூல்கள் பூங்காவெளியை விவரிக்கும் நுட்பத்திற்கு இவ்வறிவு எவ்வகையிலும் குறைந்ததன்று. எழுதப்படவில்லை என்பதே வேறுபாடு.

மழை பெய்து பட்டை நனைந்தால் மரம் சீவ இயலாது. அன்று நடையும் இல்லை, பெரும்பாலும் கூலியும் இல்லை. ஆகவே விடியற்காலையில் வானத்தைப் பார்ப்பது தோட்டப்புறத்தில் இயற்கை இரசனையின்பாற்பட்டது அன்று.

தொடக்கக்காலத்தில் தோட்டங்களில் புல்பூண்டு ஒன்றும் இல்லாமல் தரையைச் சுரண்டி வைத்தனர். இதனால் மேல்மண் மழையில் அடித்துச் செல்லப்பட்டது. பின்னர் மண்ணைக் காக்கக் கொடிப்பயிர்களை வளரவிட்டனர். சரிவுகளில் படிப்படியாக மேடை கட்டினர். இம்மாற்றம் நடைவழியையும் மாற்றியது எனலாம். வெற்றுத்தரையில் எங்கும் நடக்கலாம், தண்டலும் தொலைவிலிருந்தே ஆளைக் காணலாம். கொடி படர்ந்தபின் கால் மிதித்த இடம் மட்டும் ஒற்றையடிப் பாதையாயிற்று.

வேலைக்கு அப்பால்

தொழிலாளர் தம் விருப்பத்தால் நடந்த வழிகளும் உண்டு. லயத்திலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு, காட்டு ஓரத்து முனியாண்டிக்கு, கள்ளுக்கடைக்கு, ஓரறைத் தமிழ்ப்பள்ளிக்கு, இடுகாட்டுக்கு. முனியாண்டி பெரும்பாலும் லயப்பகுதி முடிந்து மரக்காடு தொடங்கும் எல்லையில் இருப்பார். அவரைக் கும்பிட்டுக் கற்பூரம் ஏற்றிவிட்டே உள்ளே போவோர் பலர். துரையின் வரைபடத்தில் எல்லைக்கல் எங்கிருந்தாலும், மக்களுடைய எல்லை முனியாண்டியே.

சம்பள வாரத்தில் கடைத்தெருவுக்குப் போதல் பெருநடை. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், தம்பின் முதலிய சிறு நகரங்கள் தோட்டத்துச் செலவினால் வளர்ந்தவை. அங்கே கடைகளின் முன்னே ஓடும் மூடிய நடைவழியை மக்கள் ‘அஞ்சடி’ என்பர். 1822 இல் சிங்கப்பூருக்கு இராஃபிள்ஸ் வகுத்த நகர அமைப்பு விதிகளில் இது வேரூன்றியது. நிலம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை யாவர்க்கும் உரியது. தனியார் நிலத்தில் பொதுநடை என்னும் கருத்து மலாயாவுக்கு அறியாத ஒன்றன்று என்பதற்கு இவ்வஞ்சடியே சான்று. அக்கருத்து நகரெல்லையைத் தாண்டித் தோட்டத்துக்குள் நுழையவில்லை.

தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905 இல் கிளை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சப்பானியர் ஆட்சியின்போது அத்தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அதே பாதையை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் தமிழர் பிடித்துச் செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. மலாக்காக் கிளைப்பாதை போருக்குப் பின் மீண்டும் அமைக்கப்படவில்லை.

நகரையும் தோட்டப்புறத்தையும் நடையால் இணைக்கும் நிகழ்வாக மாசிமகத்தைக் கூறவேண்டும். மலாக்கா நகரின் பொற்கொல்லர் தெருவிலுள்ள பொய்யாத விநாயகர் கோயில் 1781 ஆம் ஆண்டைச் சேர்ந்தது, செட்டிகளுக்கு உரியது. மாசிமகத்தின்போது நகரிலிருந்து செங் பகுதியின் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு வெள்ளித்தேர் புறப்படும். தேருடன் நடப்போர் வேலைக்காகவோ பண்டம் வாங்கவோ நடப்பதில்லை. ஆண்டில் ஒருநாள் பெருஞ்சாலை அவர்களுக்கு வழிவிடுகிறது. இந்நடையைச் சமயச் சடங்காக மட்டும் பதிவுசெய்வது போதாது என்று தோன்றுகிறது.

1967

விடுதலைக்கு முன்னும் பின்னுமாகத் தோட்டங்கள் பல துண்டுகளாக விற்கப்பட்டன. இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான காலத்துக்கு ஆய்ந்து 1962 இல் விரிவான அறிக்கை அளித்தார். தோட்டங்களைத் தொழிலாளரே வாங்கவேண்டும் என்னும் நோக்குடன் துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இவை நன்கறிந்த செய்திகள். அதிகம் பேசப்படாத ஒன்று, 1967 இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர் கோலாலம்பூர் வரை மேற்கொண்ட நடைப்பயணம். டான் சாய் யான் மரவள்ளியோடு இரப்பர் நட்ட அதே நிலத்திலிருந்து, தம் குறையை அரசிடம் முறையிட, நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவை அவர்கள் நடந்தே கடந்தனர். நாள்தோறும் நிரையில் நடந்து தேர்ந்த கால்களுக்கு அத்தொலைவு அச்சம் தரவில்லை போலும். ஆனால் நிரையில் நடப்பது மேட்டிலிருந்து பார்ப்பவருக்கு உட்பட்ட நடை. கோலாலம்பூர் நோக்கிய நடையோ நாடு காண நடந்த நடை. கிண்டர் ஸ்கௌட் நடையை ஆங்கிலேயர் நினைவுகூர்ந்து போற்றுகின்றனர். அசகான் நடை நம் பாடநூல்களில் ஒரு பத்தியேனும் பெறுதல் வேண்டும்.

சட்டமும் தடமும்

மலாக்காவின் நிலவுரிமை வரலாறு தனித்தன்மையுடையது. டச்சுக்காரர் காலத்து உரிமைகளும் மலாய் வழக்கு நிலங்களும் ஆங்கிலச் சட்டமும் அங்கே கலந்து நின்றன. தேசிய நிலச் சட்டத்துள் கொண்டுவரும்பொருட்டுப் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் 1963 இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது. 1966 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டமோ, நீண்டகாலம் பயன்படுத்தியதனால் மட்டும் ஒருவருக்கு வழியுரிமை உண்டாகாது என்று வரையறுத்தது. நில நிருவாகி ஆணையிட்டு வழங்கும் வழியுரிமை ஒன்று உண்டு. அது பதிவினால் வருவது, நடந்ததனால் வருவதன்று. இங்கிலாந்தில் இருபது ஆண்டு நடை ஒரு பாதையைப் பொதுவழியாக்கும். மலாக்காவில் மூன்று தலைமுறை நடந்தாலும் தடம் தடமாகவே இருக்கும். சட்டத்தின் நோக்கம் பதிவேட்டின் தெளிவைக் காப்பது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், தோட்டம் கைமாறியபோது லயமும் கோயிலும் இடுகாடும் குறித்து வழக்காடியோர், அவற்றுக்குச் செல்லும் வழியைக் குறித்து வழக்காடுவதற்குப் பற்றுக்கோடு குறைவு.

இரப்பர் அழிந்து செம்பனை வந்தபோது நிரைகளின் அமைப்பே மாறியது. மரங்கள் அகன்று நின்றன. குலைகளை ஏற்ற வண்டிப்பாதை தேவைப்பட்டது. காண்டாத் தடங்கள் மறைந்தன. ஊர்கள் விரிந்து தோட்டங்களை வீடமைப்புப் பகுதிகளாக்கின. மலாக்கா நகரம் 2008 இல் ஜார்ஜ் டவுனுடன் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபின், பொற்கொல்லர் தெருவில் வழிகாட்டிகளுடன் சுற்றுலாப் பயணிகள் நடக்கின்றனர். அம்மரபு நடை நகர எல்லையோடு முடிகிறது. ஆசியாவின் இரப்பர்த் தொழில் வணிக அளவில் பிறந்த புக்கிட் லிந்தாங் அதில் இல்லை.

தடங்களை மீட்டெழுத இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் நில அளவைத் துறை வெளியிட்ட பழைய வரைபடங்கள். அவற்றில் தோட்டப்பாதைகள் கோடுகளாக உள்ளன. மற்றொன்று, அப்பாதைகளில் நடந்த முதியோரின் நினைவு. வரைபடத்தை அவர்கள் முன் விரித்து, எது பள்ளிக்குப் போன வழி, எது முனியாண்டிக்குப் போன வழி என்று கேட்டுக் குறித்துக்கொள்வது இடைநிலைப்பள்ளி மாணவருக்கும் இயலும் களப்பணியே. மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளே இதற்கு ஏற்ற தொடக்கப் புள்ளிகள்; அவற்றுள் பல தோட்டத்தின் பெயரை இன்னும் தாங்குகின்றன. அலோர் காஜா மாவட்டத்துக் கெமுனிங் தோட்டத்தின் பெயரால் இரு பள்ளிகள் உள்ளன. ஒன்றின் பெயரில் ‘குரூ டிவிஷன்’ என்பதும், மற்றொன்றின் பெயரில் ‘எச்.டி.’ என்னும் இரண்டெழுத்துகளும் அடைப்புக்குறிக்குள் நிற்கின்றன. அவ்விரண்டெழுத்துகளின் விரிவு, ‘ஹோம் டிவிஷன்’.